தேய்க்கக் கூடாத கால்

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பிய நிறுவனத்திலிருந்து முதல் நாள் ஒரு பெண்மணியும் கூடவே வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த ஆள் எங்கள் வீட்டில் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று எனக்கு விளக்கிச் சொன்னார். உடம்பு துடைத்துவிடுவார், சாப்பாடு ஊட்டுவார், டயப்பர் மாற்றுவார், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார், நான் எடுத்து வைக்கும் மாத்திரையைக் கொடுப்பார். ஊசி போட மாட்டார். மாத்திரையை அவராகக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

"முக்கியமா அந்த இடது கால். எண்ணெய் போட்டுத் தேய்க்கிறது, நீவி விடுறது எதுவும் கிடையாது. டாக்டர் சொல்லியிருக்காருல்ல? யாராவது கட்டாயப்படுத்தினாலும் எங்க ஆள் செய்யக் கூடாதும்மா."

அதுவரை கண்ணை மூடிக்கிடந்த அப்பா விழித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சு குழறும். பழகியவர்களுக்குத்தான் புரியும்.

"என்ன சொல்லுதா இவ?"

நான் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எண்ணெய் தேய்ப்பதுதான் அப்பாவின் தொழில். குற்றாலத்து அருவிக்கரையில், சீசனுக்கு வருகிறவர்களைப் பலகையில் படுக்க வைத்துத் தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துவிட்டு அருவிக்கு அனுப்புவார். சாரல் தொடங்கிவிட்டால் விடியும்போதே எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவார். கோட்டயத்திலிருந்து, மதுரையிலிருந்து வருடா வருடம் அவரையே தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேருடைய முகம் அப்பாவுக்கு நினைவிருக்காது. குப்புறப் படுத்ததும், "போன வருசம் இந்த இடுப்புல பிடிப்பு இருந்துதே, சரியாயிட்டா?" என்று கேட்பாராம். அந்தக் கைகள் சம்பாதித்ததில்தான் நான் படித்து டீச்சரானேன். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பக்கவாதம் அவருடைய இடதுபக்கத்தை எடுத்துக்கொண்டது. படுக்கையிலேயே கிடந்ததில் இடது கால் வீங்கிற்று. தென்காசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், தொடைக்குள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். கரைவதற்கு மாத்திரை கொடுத்தார். காலைத் தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து என்று அப்பாவின் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, ரத்தம் கட்டிக்கிட்டா நீவித்தாம்ட்டி கலைக்கணும். எத்தனை பேருக்குக் கலைச்சிருக்கேன். இவன் என்னன்னா தொடாத தொடாதங்கான்."

இது வேறு கட்டு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

எங்களிடம் வந்தவர் கடையத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்ட முதுகு இடம் கொடுக்காததால் அதை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். அதிகம் பேச மாட்டார். தொடும் முன்னால், "ஐயா, இப்ப முதுகைத் துடைக்கப் போறேன்", "ஐயா, இந்தப் பக்கம் திருப்புதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். முதல் சில நாள் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மகள் பார்க்காத இடங்களை இன்னொருவன் துடைக்கிறான் என்ற வெட்கம். நான் அந்த நேரம் அடுக்களையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

பழகாதது கால்தான். நல்ல கையை நீட்டி அப்பா தன்னுடைய தொடையைத் தானே நீவப் பார்ப்பார். கடையத்துக்காரர் வந்து அந்தக் கையை மெல்ல எடுத்து நெஞ்சின் மேல் வைப்பார். "ஏலே, என் காலுலே அது" என்று அப்பா கத்துவார். "உங்க காலுதான் ஐயா" என்பார் அவர். ஆனால் கையை விட மாட்டார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலிலேயே எண்ணெய் வாசனை அடித்தது. பதறிப்போய் உள்ளே ஓடினேன். கடையத்துக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, நல்ல கையால் அவருடைய தோளை நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் போனார்.

"இருலே. பாதியில எந்திரிக்கக் கூடாது" என்று அப்பா அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "லாரி ஓட்டி ஓட்டி கல்லா இருக்குட்டி இவனுக்கு" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"ஐயா ரொம்ப மனசு விட்டுக் கிடந்தாரு டீச்சர். எனக்குத் தேய்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார் அவர் கூச்சத்துடன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அது நடந்தது. அப்பாவின் விரல்களில் பழைய பலம் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே கை சோர்ந்து விழுந்துவிடும். ஆனாலும் சாப்பாடு இறங்கிற்று. நன்றாகத் தூங்கினார். நான்கூட மனம் தேறிவிடுவார் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கடையத்துக்காரரிடம் சொன்னார். "நான் உனக்குச் செஞ்சேன்லா. இப்ப நீ எனக்குச் செய்யி. டீச்சரு ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். நான் சொல்லாவிட்டாலும் அவர் செய்திருக்க மாட்டார்.

"வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க ஐயா. இது மட்டும் முடியாது."

"ஆபீசுல வேலையை விட்டுத் தூக்கிருவாங்கன்னு பயமாலே?"

"அது இல்ல ஐயா. உங்களுக்கு ஏதும் ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்."

அப்பா அதன் பிறகு அவருடன் பேசவில்லை. துடைக்கும்போதும் ஊட்டும்போதும் கண்ணை மூடிக்கொள்வார். அவர் எப்போதும்போல ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். அறைக்குள் அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

அந்த வருடம் சாரல் முன்னதாகவே தொடங்கிற்று. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்ததும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போவதைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவிக்கரையில் அவருடன் வேலை பார்த்தவர் அவரைப் பார்க்க வந்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். தொழிலை அப்பாவுடன் சேர்ந்து தொடங்கியவர். அன்று கடையத்துக்காரருக்கு வார விடுமுறை, ஊருக்குப் போயிருந்தார். அப்பாவின் மாத்திரை தீர்ந்திருந்ததால் மாமாவை இருக்கச் சொல்லிவிட்டு நான் தென்காசிக்குக் கிளம்பினேன்.

"மாமா, அப்பா கால்ல எண்ணெய் போடச் சொல்லுவாங்க. போட்டிராதீங்க. டாக்டர் கூடவே கூடாதுன்னிருக்காரு."

"சரி மக்கா. நீ போயிட்டு வா."

நான் திரும்பி வந்தபோது மாமா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் இடது கால் தொடையிலிருந்து பாதம்வரை எண்ணெயில் பளபளத்தது. அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கவாதத்தில் கோணிப்போன வாயால் சிரிக்கிற சிரிப்பு.

"கோவப்படாத மக்கா. ரொம்பக் கெஞ்சினாரு. அழுதுட்டாரு. அண்ணாச்சி அழுது நான் பாத்ததே இல்ல. சும்மா மேலாப்புலதான் தடவினேன்."

டாக்டருக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஏதாவது தெரிந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். அன்று முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் கடையத்துக்காரர் உள்ளே நுழைந்ததும் நின்றார். வாசனை போயிருக்கவில்லை. அப்பா அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தார்.

"ஏலே, பாத்தியா? ஒண்ணும் ஆவலலே."

அவர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். பிறகு வெளியே போய் அவருடைய ஆபீசுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அது அவர் செய்ய வேண்டிய வேலை. நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு மூச்சு திணறிற்று. கடையத்துக்காரர் அவரை நிமிர்த்தித் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வண்டி வரும்வரை, "இந்தா வந்துரும் ஐயா, இந்தா வந்துரும்" என்று அப்பாவின் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவின் நல்ல கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அந்த விரல்களை நாங்கள்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் அப்பா போய்விட்டார்.

ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். தேய்த்ததாலா என்று கேட்டேன். "தேய்க்காமலே இப்படிப் போகிறவங்க இருக்காங்கம்மா. இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

நிறுவனத்துப் பெண்மணி போனில் முதலில் கேட்டது, "எண்ணெய் போட்டது எங்க ஆள் இல்லையே?" என்பதுதான். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் வருத்தம் தெரிவித்தார். கடையத்துக்காரரின் வேலை அதோடு முடிந்தது, உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள். அவர் போகவில்லை. பந்தல்காரருக்கு நாற்காலி இறக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

சிவகிரியிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் காலில் எண்ணெய் தேய்த்த சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. பந்தலில் எல்லோர் முன்னாலும் கடையத்துக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"கண்ட கண்ட ஆளை வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தாம்லே ஆவும். தேய்க்கக் கூடாதுன்னு தெரியாது உனக்கு?"

அவர் கையை விலக்கக்கூட இல்லை. வாயைத் திறந்து யாரையும் காட்டவும் இல்லை.

நான் ஓடிப்போய், "சித்தப்பா, அவர் இல்லை. அவரை விடுங்க" என்றேன்.

"பொறவு யாருட்டி?"

மாமா தெருவில், பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேதான் நின்றார், உள்ளே வரவே இல்லை. இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நான்தான். அண்ணாச்சி கேட்டாரு, நான்தான் தேய்ச்சேன்."

சித்தப்பா அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "வெளிய போ வே" என்று மட்டும் சொன்னார். வாய்க்கரிசி போடவும் விடவில்லை, சுடுகாட்டுக்கும் வரக் கூடாது என்றுவிட்டார். மாமா தெருமுனைவரை போய் நின்று, ஊர்வலம் கடந்துபோவதைப் பார்த்தார். கடையத்துக்காரர் கூட்டத்தின் கடைசியில் நடந்து போனார். திரும்பி வந்து தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போயிருக்கக் கூடாது டீச்சர்" என்றார். வார விடுமுறைதானே, போனதில் என்ன தப்பு என்றேன். தலையை ஆட்டினார். அடுத்ததாக அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து மாமா வீட்டுக்குப் போனேன். சீசன் முற்றியிருந்தது, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. அவரோ வீட்டில் இருட்டறையில் உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்ததிலிருந்து வேலைக்கே போகவில்லை என்று அத்தை சொன்னாள்.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். தேய்த்ததனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன்.

"இல்லைன்னும் சொல்ல முடியாதுல்லா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆள் படுக்கான், கை வைக்கப் போறேன், இவனுக்கு உள்ள என்ன இருக்கோன்னு தோணுது மக்கா. கை போவ மாட்டேங்குது." உள்ளங்கைகளை மடிமேல் மலர்த்தி வைத்திருந்தார். "அந்தக் கடையத்துத் தம்பிகிட்ட எத்தனை நாளு கெஞ்சியிருப்பாரு அண்ணாச்சி? அவன் எப்படி முடியாது முடியாதுன்னே இருந்தான்?"

அத்தை காப்பி கொண்டு வந்தாள். மாமா குடிக்கவில்லை, ஆறிப்போயிற்று. மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்ததால் நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அடுத்த சீசனுக்கும் அவர் அருவிக்கரைக்குப் போகவில்லை. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.