மலைக்கோட்டை ஏறிய நாற்காலி

இரண்டு வருடத்துக்கு முன்பு, பொங்கல் கழிந்த வாரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையில் நடந்தது இது. நானும் கணவரும் வேலை பார்ப்பது மஸ்கட்டில். நான் நர்ஸ். என்னோடு ஒரே வார்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் தோழியும் அவள் கணவரும்தான் அங்கே எங்களுக்குச் சொந்தபந்தம் எல்லாம். வெள்ளிக்கிழமை ஆனால் நாலு பேரும் ஒரு காரில் ஏறி, இடிந்த கோட்டை, பழைய காவல் கோபுரம் என்று தேடிப் போய்விடுவோம். ஓமனில் அதற்குப் பஞ்சமே இல்லை. பல நூறு வருடத்து மண்சுவர் நிழலில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

அப்படி ஒருநாள் தோழி, உங்கள் ஊரில் கோட்டை உண்டா என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், நான் அளக்க ஆரம்பித்துவிட்டேன். ஊர் நடுவே ஒரே பாறையாக மலை, மேலே கோட்டை, பீரங்கி வைத்த இடம், சாமி இல்லாத கோயில், படியெல்லாம் சின்னச் சின்னது, பேசிக்கொண்டே ஏறிவிடலாம் என்றேன். உண்மை என்னவென்றால், நர்சிங் முடிக்கும்வரை அந்த மலைக்குக் கீழேயே கிடந்த நான் ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் மலை தெரியும், மாடியில் துணி காயப்போட்டால் தெரியும். தினமும் பார்க்கிற மலையில் யார் மெனக்கெட்டு ஏறுவார்கள்? திண்டுக்கல்லில் பாதிப் பேர் கதை இதுதான்.

அந்த வருட லீவில் அவர்கள் இருவரும் எங்களோடு ஊருக்கே வந்துவிட்டார்கள். தங்கியது என் மாமியார் வீட்டில். அத்தைக்கு அறுபத்து நாலு வயது. மாமா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் கனத்த உடம்பு, முட்டிவலி வேறு. அதனால் எங்கே கூட்டிப் போனாலும் அவருக்கு ஒரே வேலைதான். கொடைக்கானலில் ஏரிக்கரையிலும், வேளாங்கண்ணியில் கடற்கரை மணலிலும் எங்கள் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'உங்களால் முடியாது அத்தை' என்று நர்ஸ் குரலில் நான் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் பேச்சு கிடையாது. மஸ்கட்டுக்கு அவரைக் கூப்பிடாமல் பன்னிரண்டு வருடம் ஓட்டியதும் இந்த ஒரே வரியை வைத்துத்தான்.

கோட்டைக்குக் கிளம்பிய காலையில் அத்தை புதுச்சேலை கட்டி வாசலில் நின்றார்.

"நானும் வாரேன்த்தா" என்றார்.

"அத்தை, அம்புட்டு படி உங்களால முடியாது. கீழே நிழல்ல உக்காந்து பையைப் பாத்துக்கங்க."

"பையில என்ன இருக்கு பாத்துக்கிட? தண்ணி பாட்டிலு. அதை நீங்களே தூக்கிட்டுப் போங்க. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பது வருசமாச்சு. மேல என்னதான் இருக்குன்னு எனக்கும் பாக்கணுமில்ல?"

என் கணவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் சேராமல், வேன் டயரை உதைத்துப் பார்க்கப் போய்விட்டார். வேன் அவருடைய சிநேகிதருடையது. இருவருக்கும் பூர்வீகம் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரே கிராமம். அந்தச் சிநேகிதர்தான், "அம்மா, நீங்க முன்சீட்டுல ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். எனக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

படிகள் நான் அளந்துவிட்ட மாதிரி அவ்வளவு சுலபமாக இல்லை. எனக்கே மூச்சு வாங்கியது. அத்தை பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். ஆனால் திரும்பிப் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிரியாணிக் கடையில் கூட்டம் சேர்வதற்குள் இறங்க வேண்டுமே என்று மணியைப் பார்த்துக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். அவர் பக்கத்தில் நடந்திருக்க வேண்டியவள் நான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, படி முடிந்து வெறும் பாறைச் சரிவு வருகிற இடத்தில், பின்னால் 'ஆத்தீ' என்று குரல் கேட்டது. திரும்பினால் அத்தை விழுந்து கிடக்கிறார்.

ஓடிப்போய்க் காலைப் பார்த்தேன். கணுக்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் எலும்பை அமுக்கிப் பார்த்தேன், விரலை அசைக்கச் சொன்னேன். முறிந்த மாதிரி இல்லை, பிசகியிருந்தது. ஊன்றி நிற்க முடியவில்லை. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிவிட்டு, இவரை எப்படியாவது கீழே இறக்க வேண்டும் என்றேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். வலி தாங்கிய முகம் எனக்குப் பழக்கம். இது வேறு. திட்டு வாங்கக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

மேலே கோட்டைச் சுவரில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஒரு கொத்தனார் இறங்கி வந்தார். சிநேகிதரும் அவரும் ஏதோ பேசிக்கொண்டு மேலே போனார்கள். சாரம் கட்ட வைத்திருந்ததில் நல்ல தடியான கொம்பு இரண்டு, கயிறு, காவலர் உட்காரும் இரும்பு நாற்காலி எல்லாவற்றோடும் திரும்பி வந்தார்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கொம்பை வைத்துக் கட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது, சப்பரம் கட்டுகிறார்கள். என் கணவரின் பூர்வீகக் கிராமத்தில் அந்தோணியார் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்காத ஆம்பளை கிடையாது. கொத்தனார் ஊரில் அம்மனுக்குத் தூக்குவார்களாம்.

மூன்று தோள் ஆயிற்று. நாலாவதுக்கு யார் என்று பார்க்கிறோம், தோழியின் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர் ஊரிலும் திருவிழாவுக்கு மாதா சொரூபத்தைத் தோளில்தான் தூக்குவார்களாம், பதினாறு வயதிலிருந்து தூக்கியிருக்கிறாராம். பத்து வருடப் பழக்கத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

அத்தையைத் தூக்கி உட்கார வைத்தாயிற்று. இறங்குவதற்காகக் கீழ்ப்பக்கமாகத் திரும்பினார்கள்.

"செத்த நேரம் நில்லுங்கப்பா" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "இப்ப இறங்கிட்டேன்னா, மறுபடி என்னைய யாருத்தா இங்க கூட்டியாருவா?" என்றார்.

 பதில் எனக்குத் தெரியும். யாரும் கூட்டிவர மாட்டோம். இந்த ஒரு வழுக்கலைச் சொல்லியே இன்னும் பத்து வருடம் அவரை வீட்டில் உட்கார வைத்துவிடுவேன். கால் தாங்குமா என்று இன்னொரு தடவை கட்டை இறுக்கிப் பார்த்தேன். தூக்குகிறவர்களைப் பார்த்தேன்.

"மேல போங்க" என்றேன்.

கிளம்பின இரண்டாவது அடியிலேயே நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. அத்தை அதட்டிய அதட்டலை இன்னும் நினைத்துச் சிரிக்கிறோம். "ஏலே, மேட்டுல ஏறும்போது நெட்டையன் பின்னாடி வரணும்னு தெரியாதா? மஸ்கட்டுக்குப் போயி இதையும் மறந்துட்டியா?" என் கணவர் பின்னால் போனார். வேன்காரச் சிநேகிதரும் உயரம், அவரும் பின்னால். குட்டையான பிலிப்பைன்ஸ்காரரும் கொத்தனாரும் முன்னால். அப்புறம் நாற்காலி தண்ணீர் தளும்பாத குடம் மாதிரி மட்டமாகப் போனது. பாறையில் வழுக்காமல் இருக்க நாலு பேரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். உச்சி வெயிலில் பாறை சுட்டது. நானும் தோழியும் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவர்கள் காலுக்கு முன்னால் ஊற்றிக்கொண்டே ஏறினோம். கொத்தனார் "தோள் மாத்து" என்று குரல் கொடுத்ததும், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்த மனிதர் சரியாக மற்றவர்களோடு சேர்ந்து தோள் மாற்றினார்.

மேலே சுவர் ஓரமாக அத்தையை இறக்கி வைத்தார்கள். கீழே ஊர் முழுசாகக் கிடந்தது. முதலில் அவர் தேடியது எங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியை. கண்டுபிடித்தும்விட்டார். அப்புறம் சிறுமலை, ரயில் தண்டவாளம், கொடைக்கானல் மலை என்று ஒவ்வொன்றாக மகன் காட்டினார்.

"மஸ்கட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அத்தை.

என் கணவர் திசையைக் கணக்குப் பார்த்து, கொடைக்கானல் மலைக்கு வலப்பக்கமாகக் கையை நீட்டினார். அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நேராத்தான் இருக்கு" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. தோழி பக்கத்தில் நிற்கிறாள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். வெயில் அதிகம் என்று நினைத்து அவள் என் தலையில் துண்டைப் போட்டாள்.

இறங்கும்போது நெட்டையர்கள் இருவரும் கீழ்ப்பக்கமே இருந்துகொண்டார்கள். அதனால் அத்தை கோட்டையைப் பார்த்த முகமாகவே அடிவாரம்வரை வந்தார். சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தோம், முறிவு இல்லை. மூன்று வாரம் கட்டு. விசாரிக்க வந்த தெருக்காரர்களிடம் கால்வலியைப் பற்றி அவர் பேசினதே இல்லை. "நாலு பேரு தூக்க சப்பரத்துல போனேன்" என்பதுதான் பேச்சு.

அந்த லீவு முடிவதற்குள் அத்தைக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டோம். போன குளிர்காலம் முழுக்க மஸ்கட்டில் எங்களோடு இருந்தார். வெள்ளிக்கிழமைக் காரில் அப்போது ஐந்து பேர். ஏற முடிகிற இடத்தில் ஏறுவார், முடியாத இடத்தில் எங்களில் யாராவது கைகொடுப்போம், சில இடத்தில் நாங்களே ஏறாமல் அவரோடு உட்கார்ந்துவிடுவோம். 'உங்களால் முடியாது' என்று அத்தையிடம் நான் இத்தனை வருடம் சொன்னதில் பாதி, எனக்குத் தூக்க மனசில்லை என்பதுதான் என்று இப்போது தெரிகிறது.