சர்வருக்கு ஒரு நாள் ஓய்வு

ஆயுத பூஜைக்கு உங்கள் ஆபீஸில் எதற்கெல்லாம் சந்தனம் வைத்தீர்கள்? தராசு, பிரின்டர், வேன்... எங்கள் அண்ணாச்சி சர்வருக்கு வைத்தார்.

அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றுமதிக்குப் பேப்பர் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார். ரிட்டையர் ஆனபின் நான் அங்கே பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன் — எதையாவது எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆபீஸின் மொத்த விவரமும் அந்த ஒரு சர்வரில், டேட்டாபேஸில் இருக்கிறது.

மாலை போட்டார். பொட்டு வைத்தார். சூடம் காட்டினார். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"வருசம் பூரா ஓடுது, பாவம். ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும்."

இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

மறுநாள் காலை சர்வரைப் போட்டால், டேட்டாபேஸ் திறக்கவில்லை. முருங்கை இலைப் பொடி ஏற்றிய ஒரு கன்டெய்னர் சாயந்திரம் ஆறு மணிக்குள் துறைமுகக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும். கூடவே பழைய வாடிக்கையாளரும் போய்விடுவார். பேப்பருக்கான விவரமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சர்வரை அணைத்துப் போட்டார். காத்திருந்தார். மறுபடி அணைத்துப் போட்டார்...

ஜெபா வந்து சேர்ந்தாள். சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். டேட்டாபேஸைக் கவனிப்பது அவள் வேலை.

"எத்தன தடவ ஆஃப் பண்ணுனீங்க அண்ணாச்சி?"

"ரெண்டு இருக்கும்."

"நாலு" என்றேன்.

தலையில் கை வைத்தாள். பழைய பதிவுகளைக் கழிக்கிற பெரிய வேலை ஒன்றை ஓடவிட்டு லீவில் போயிருந்தாளாம். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் டேட்டாபேஸ் சும்மா எழுந்து வந்துவிடாது. அரைகுறையாகச் செய்ததையெல்லாம் பழையபடி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அதற்குள் மறுபடி அணைத்தால்? முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு இது உடனே புரிந்தது. நான் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நானும் அப்படித்தான்.

"ஓடவிட்டுட்டுப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா ஏளா?"

"நீங்க அதுக்கு லீவு விடுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு பேர் மேலும் தப்பு.

ஜெபா நாற்காலியை இழுத்து சர்வருக்கு முன்னால் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். திரையில் சதவீதம் ஏறியது. நான் உரக்க வாசித்தேன் — முப்பத்தொன்று, முப்பத்திரண்டு...

"சார், நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

அரை மணியில் முடியும் என்றாள். மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. அண்ணாச்சி சாப்பிடவில்லை. மெதுவாக உள்ளே வந்தார்.

"ஒரே ஒரு தடவ மட்டும் ஆஃப் பண்ணி..."

"கைய எடுங்க அண்ணாச்சி."

நாலரைக்குத் திறந்தது. ஆபீஸே ஓடியது. கன்டெய்னர் கேட்டைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் போனில் சொன்னபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம்.

அண்ணாச்சி சர்வரின் மேல் சரிந்திருந்த மாலையை நேராக்கினார். "அடுத்த வருசமும் இதுக்கு லீவு உண்டு. ஆனா நீயே வந்து முறையா ஆஃப் பண்ணு" என்றார். ஜெபா சிரித்துவிட்டாள்.

எனக்குத்தான் வீடு வரைக்கும் ஒரே யோசனை. ரிட்டையர் ஆன அன்று எனக்கும் இதுதானே நடந்தது? மாலை, சந்தனம், கேசரி. கையில் இருந்த வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் பிரியத்தில் செய்ததுதான்.

மறுபடி எழுந்து உட்கார எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.