‘ஆல் ரைட் சார்’

‘ஆல் ரைட்’ என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடலூரில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில்தான் எனக்கு நர்ஸாக முதல் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். வருகிறவர்களுக்குப் பிரஷர், சர்க்கரை பார்த்து, என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நோயாளி சொல்வதை அப்படியே எழுது என்றுதான் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ஹவில்தார் மாதாமாதம் வருவார். எழுபது வயது, சர்க்கரை நோய். இஸ்திரி கலையாத சட்டை, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

“கால்ல எரிச்சல், மரமரப்பு இருக்கா ஐயா?”

“ஒண்ணுமில்லம்மா.”

‘தொந்தரவு இல்லை’ என்று எழுதுவேன். உள்ளே டாக்டர் தலையைத் தூக்காமலே, “எப்படி இருக்கீங்க?” என்பார். இவர் விறைப்பாக நின்று, “ஆல் ரைட் சார்!” மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். மூன்று மாதம் இப்படியே போனது.

நான்காவது மாதம், கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது சீழ் நாற்றம் அடித்தது.

“ஷூவக் கழட்டுங்க.”

“எதுக்கும்மா? வூட்ல பாத்துக்குறேன்.”

“கழட்டுங்க ஐயா!”

நானே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. யா அல்லா என்று வாயில் வந்துவிட்டது.

“எத்தினி நாளா இப்படி?”

“பொங்கலுக்கு முன்னாலருந்து. மூணு மாசம் ஆவுது.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“ஆபீசர் கேக்கும்போது மூக்கால அழுவ சொல்றியா?”

“அவர் டாக்டர்!”

“எனக்கு ஆபீசர்தான்.”

டாக்டர் பழைய சீட்டுகளை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினார். மூன்றிலும் என் கையெழுத்து. உங்க கண்ணு எங்க சார் இருந்துச்சு என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நானும் ஓர் ஆபீசர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் தப்பவில்லை; முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லீவு நாளில் பார்க்கப் போனேன். அந்த நேரம் பார்த்து அங்கத்திய வார்டு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார்.

“எப்படி இருக்கீங்க பெரியவரே?”

படுத்தபடியே உடம்பை விறைத்து, “ஆல் ரைட் சார்” என்றார். கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

“பொய் சார்!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. “அவருக்கு வலிக்குது. ஊசி எழுதுங்க.”

“என் மானத்த வாங்கிட்டியே” என்றார் ஹவில்தார். போனால் போகட்டும். அந்த மானம்தான் காலைத் தின்றது, நானும் கூடவே ஊட்டிவிட்டேன்.

ஊசி போட்டார்கள். மருந்து ஏறுவதற்குள்ளேயே விறைப்பு விட்டது. என் பக்கம் திரும்பி, “வலிக்குதும்மா” என்றார்.

எழுதிக்கொள்ள என் கையில் சீட்டு இல்லை.