ராசெமா பார்த்த கம்பளிச் சட்டை

யாசிக் கிராமத்து ஆட்களுக்கு உலகத்தில் எதற்கும் பயமில்லை, காற்றைத் தவிர. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் போதும், "யாரு ஆளைக் கொல்லப் பாக்கறது?" என்று உள்ளிருந்து சத்தம் வரும். முதுகில் காற்றடித்தால் சிறுநீரகம் போய்விடும், கழுத்து பிடித்துக்கொள்ளும், குழந்தை பிறக்காது. பெரிய படிப்புப் படித்த டாக்டரும் நம்புகிற விஷயம் இது. ராசெமாவின் கணவன் முகாரெம் இதில் எல்லாரையும் மிஞ்சியவன். ஜூலை வெயிலில் புல் அறுக்கப் போனாலும் கையில்லாத கம்பளிச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் போவான். ராசெமா பின்னிக் கொடுத்த சாம்பல் நிறச் சட்டை. தைக்கும்போது கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் கடைசிப் பொத்தானை மட்டும் பச்சை நூலால் தைத்திருந்தாள். கடைக்குப் போய் நூல் வாங்கச் சோம்பல், வேறொன்றுமில்லை.

1992 கோடையில் போர் மூண்டது; ஊரைப் பிடித்த எதிர்ப்பக்கத்துப் படையினர் பழைய ஓட்டுத் தொழிற்சாலையைச் சுற்றி வேலி கட்டி, சுற்று வட்டாரத்து ஆண்களையெல்லாம் அங்கே அடைத்தார்கள். காவலுக்கு நின்றவர்களில் ஒருவன் ரான்கோ. முந்தைய மாதம் வரை யாசிக் பஸ்ஸில் கண்டக்டர். ராசெமாவுக்கு ஜன்னலோர இடம் பார்த்துத் தந்தவன். அவள் ஒன்பது நாள் வேலிக்கு வெளியே ரொட்டியோடு நின்றாள். பத்தாம் நாள் காலையில் ரான்கோ ஒரு தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தான். முகாரெம் எழுந்து, கட்டடத்துக்குப் பின்னால் நடந்து போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் கிடையாது.

ஆறு வருடம் கழித்து, மூடிக் கிடந்த சுரங்கக் குழியிலிருந்து எலும்புகளை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஹாலில் வெள்ளைத் துணிகளை விரித்து, கழுவிக் காயவைத்த உடைகளை வரிசையாக வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கிற வித்தை அப்போது அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. கண்தான் பரிசோதனை. பெண்கள் சந்தையில் காய் பார்ப்பதுபோலக் குனிந்து குனிந்து நடந்தார்கள். பதினோராவது துணியில் பச்சை நூல் தெரிந்ததும் ராசெமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா தெரியுமா அம்மா?" என்று கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர்.

"ஜூலையில கம்பளி போடற கிறுக்கன் இந்த ஜில்லாவுல வேற யாரு இருக்கான்?" என்றாள் ராசெமா. அவர் எழுதிக்கொண்டார்.

பச்சைத் துணி போர்த்திய பெட்டி, வெள்ளைக் கல், முகாரெமின் பெயர். ராசெமா அகதி விடுதியை விட்டுவிட்டு யாசிக்குக்கே திரும்பி வந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் கல்லறைக்குப் போய் ஓதிவிட்டு, பிறகு சண்டை பிடிப்பாள். கூரை ஒழுகுகிறது, உங்கள் தங்கச்சி போனே எடுப்பதில்லை, அந்தக் காலத்தில் உங்களுக்காக நான் வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை இப்போது வியன்னாவில் வீடு வாங்கிவிட்டான். "என்ன, வாயத் திறக்க மாட்டீங்களே. உயிரோட இருந்தப்பவும் இதே கதைதான்." படுக்கையறைச் சமாசாரங்களையும் சொல்வாள். புருஷன்தானே, என்ன வெட்கம்.

இந்த வருடங்களில் நீதியும் அவளைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. முதலில் அகதி விடுதிக்கு டேப் ரிக்கார்டரோடு இரண்டு பெண்கள் வந்தார்கள்: குற்றவாளி பெயரைச் சொல்லுங்கள், தண்டிக்க வேண்டும் என்றார்கள். அடுத்து ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திலிருந்து வரைபடத்தோடு வந்தவர்கள், ரான்கோவெல்லாம் சின்ன மீன், நாங்கள் தளபதிகளைத்தான் பிடிக்கிறோம் என்றார்கள். அப்புறம், ஏற்கெனவே புதைத்தவர்களின் குடும்பங்களிடமும் ரத்தம் எடுக்க ஊசியோடு ஒரு வண்டி வந்தது. கையை நீட்டினவளிடம், மனைவியின் ரத்தம் எதற்கும் உதவாது, கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இருபது வருடம் கூடவே வாழ்ந்திருந்தாலும் அதே பதில்தான் என்று அறிந்தபோது அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. போன் எடுக்காத அந்தத் தங்கச்சிதான் ரத்தம் கொடுத்தாள்.

ஒருமுறை நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூட்டம். மேடையில் துணி கட்டியிருந்தது: 'நிலைமாறுகால நீதி: நேற்று, இன்று, நாளை.' மூக்குக்கண்ணாடி போட்ட விரிவுரையாளர் ஒருவர் விளக்கினார். உலகப் போர் முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள்; அதுதான் தொடக்கம். தென்னமெரிக்காவில் தளபதிகள் ஆட்சியிலிருந்து இறங்கியபோது, கூண்டு மட்டும் போதவில்லை, தாய்மார்கள் சதுக்கத்தில் நின்று 'எங்கே' என்று கேட்டார்கள். உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு அப்படித்தான் பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். இப்போது தண்டனை, உண்மை, ஈடு, இனி நடக்காது என்ற உறுதி, நான்கும் சேர்ந்தே வர வேண்டும் என்பது உலகத்தின் முடிவு.

"தம்பி, கேட்க நல்லாத்தான் இருக்கு. நிலை எப்போ மாறும்?" என்று கேட்டாள் ராசெமா. சிரிப்பு அடங்கியதும், "அதுவரைக்கும் அந்த ஜன்னலையாவது சாத்தச் சொல்லுங்க" என்றாள்.

ஆனால் அந்தத் தாய்மார்கள் அவள் மனதில் ஒட்டிக்கொண்டார்கள். நான்கில் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடலாம் என்று மட்டும் அந்த விரிவுரையாளர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ.

கடைசியில் சின்ன மீன்களின் முறையும் வந்தது. தலைநகரத்து நீதிமன்றத்தில் ரான்கோ குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்திருந்தான், பெருத்து, வழுக்கை விழுந்து. ராசெமா சத்தியம் செய்துவிட்டு, பார்த்ததைச் சொன்னாள். ரான்கோ பெயர் வாசித்தான், என் கணவர் எழுந்து போனார். அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார்கள். சாம்பல் கம்பளிச் சட்டை, கடைசிப் பொத்தானுக்குப் பச்சை நூல். அதே சட்டை குழியில் கிடைத்திருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? முகாரெமைக் கொன்ற குற்றத்துக்கும் சேர்த்துப் பதினான்கு வருடம் கொடுத்தார்கள். ரான்கோ மேல்முறையீடு செய்தான். வழக்கு 2012 வரை இழுத்தது.

அந்த வருடம் மே மாதத்தில், எலும்புகளை அடையாளம் காணும் நிலையத்திலிருந்து செனாத் வந்தான். கண்ணை நம்பிக் கொடுத்த எலும்புகளையெல்லாம், எடுத்து வைத்திருந்த பல்லை வைத்து மறுபடி சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் காபியைத் தொடவே இல்லை.

"ராசெமா அக்கா, கல்லறையில இருக்கறது முகாரெம் அண்ணன் இல்ல."

"சட்டை?"

"சட்டை அவரோடதாத்தான் இருக்கணும். பல்லு மரியான்னு ஒரு பையனோடது. பத்தொம்பது வயசு. ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா இருக்காங்க. நீங்க கையெழுத்துப் போட்டா நாங்க தோண்டலாம்."

அவன் போன பிறகு ராசெமாவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, வெட்கம். பதினான்கு வருடமாக ஓர் அந்நியப் பையனிடம் கூரையிலிருந்து படுக்கை வரைக்கும் கொட்டியிருக்கிறாள். அவனும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். வெட்கத்துக்குப் பின்னால்தான் பயம் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற அந்தக் காலையை நினைவில் எடுத்துப் பார்த்தாள். முகாரெம் எழுந்தான். சாம்பல் சட்டை. பச்சை நூல். இப்போதும் அப்படியே தெரிந்தது. நாற்பது அடி தள்ளி நின்றவளுக்குப் பச்சை நூல் எப்படித் தெரிந்திருக்கும்? சட்டையை ஹாலில் பார்த்த பிறகு அதை அவளே அவன் உடம்பில் மாட்டிவிட்டிருக்கிறாள். சட்டையை உருவிப் பார்த்தால், உள்ளே எழுந்து நடந்தவன் முகாரெம்தானா? முகத்தைத் தேடினாள். முகம் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எந்த அறைக்குப் போனாலும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது. அடுப்பில் கறியைக் கிளறும்போது பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வழக்கைக் கவனித்துவந்த அரசு வக்கீல் அம்மா மறுநாளே போன் செய்தாள்.

"இப்போ கையெழுத்துப் போடாதீங்க, போட்டா சோதனை அறிக்கை கோர்ட்டுக்குப் போயிடும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு இலையுதிர்காலத்துல வந்துடும். சட்டை வேற ஆள் மேல இருந்ததுன்னு தெரிஞ்சா, நீங்க பார்த்ததே பொய்னு அவங்க வக்கீல் நிரூபிச்சுடுவார். நான் பொய் சொல்லச் சொல்லல. கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னுதான் சொல்றேன்."

"அந்தப் பையனோட அம்மா?"

"இருபது வருஷம் பொறுத்தவங்க. நாலு மாசம்தானே அம்மா."

நியாயமாகத்தான் பட்டது. ரான்கோ உள்ளே இருக்க வேண்டும் என்று ராசெமா விரும்பிய அளவுக்கு அவள் வேறெதையும் விரும்பியதில்லை. தள்ளிப் போட்டாள். செனாத் இரண்டு தடவை போன் செய்தபோது மணி அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே நின்றாள், முகாரெமின் தங்கச்சியைப் போலவே.

ஜூன் கடைசியில் அந்தத் தாயே வந்துவிட்டாள். ரூஷா, எண்பத்துமூன்று வயது, கறுப்புத் தலைத்துணி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பையில் உரித்த வால்நட். வாசலில் நின்றுகொண்டு, "கையெழுத்துக் கேட்டு வரல, பொண்ணே. எம்புள்ளை எங்க இருக்கான்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

ராசெமா அவளைக் கூட்டிப்போனாள். கிழவி வெள்ளைக் கல்லையும் அதில் பிறையையும் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, கல்லைச் சுற்றி வந்தாள்.

"சுத்தமா வெச்சிருக்க. களையே இல்ல."

"என் வீட்டுக்காரர்னு நெனச்சுதான் செஞ்சேன், அம்மா."

"யாரா இருந்தா என்ன, கை வலிச்சிருக்குமில்ல?"

திரும்பி வந்து காபி குடித்தபோது ரூஷா கேட்டாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அவன பனியனோட அந்த ஓட்டுத் தொழிற்சாலைக்கு இழுத்துட்டுப் போனாங்க. சட்டை போடக்கூட விடல. கம்பளி எப்படி வந்துச்சு?"

கிழவி தானே யோசித்தாள்.

"இவன் வெளுத்த புள்ளை, சிறுநீரகக் கோளாறு. கதவுப் பக்கம் படுக்கப் போட்டிருப்பாங்க. உன் வீட்டுக்காரர் காத்துக்குப் பயப்படுவாராமே, அந்த நிலையத்துத் தம்பி சொன்னான்."

"ரொம்ப."

"அப்போ, கழட்டி இவனுக்குப் போட்டு விட்டிருக்காரு."

ராசெமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். துப்பாக்கி பிடித்தவர்கள் வாசலில் நிற்க, அந்தப் பைத்தியக்காரன் பக்கத்துப் பையனுக்குக் காற்றுப் படுகிறதே என்று கவலைப்பட்டிருக்கிறான். "தம்பி, எழுந்திரு, இத மாட்டிக்க, முதுகு போயிடும்" என்று அவன் சொல்வது அவள் காதில் விழுந்தது. அந்தக் குரல் சந்தேகமே இல்லாமல் முகாரெமின் குரல். இருபது வருடத்தில் அவனைப் பற்றி வந்த ஒரே செய்தி இதுதான். அதைக் கொண்டுவந்தவள் முன்னால், அவள் பிள்ளையை மண்ணுக்குள் பிடித்து வைத்துக்கொண்டு ராசெமா நின்றிருந்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டா ரான்கோ வெளிய வந்துடுவான், அம்மா."

ரூஷா வால்நட் பையை மேசையில் வைத்தாள். "எம்புள்ளையக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை அவனேதான். நீ என்ன செஞ்சாலும் நான் உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன்." பிறகு பஸ் நேரத்தைக் கேட்டாள்.

மறுநாள் ராசெமா செனாத்தின் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் தோண்டினார்கள். மரியானைச் சிலுவை போட்ட பெட்டியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். ராசெமாவும் போனாள். ரூஷா தேவாலயத்தில் அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். யாசிக்கில் வெள்ளைக் கல்லைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். குழியை மூடிய இடத்தில் புல் முளைக்கும்வரை ராசெமா அந்தப் பக்கம் போகவில்லை.

அக்டோபரில் தீர்ப்பு. எதிர்த் தரப்பு வக்கீல் நல்ல மனிதர்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அம்மா, நாற்பது அடியிலிருந்து பச்சை நூலைப் பார்த்தீர்களா என்று அதற்கு முந்தைய விசாரணையில் கேட்டிருந்தார். தெரியாது என்றாள் ராசெமா. நீங்கள் பார்த்தது உங்கள் கணவரைத்தானா? அதுவும் தெரியாது என்றாள். வக்கீல் அம்மா பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

நீதிபதி நெடுநேரம் வாசித்தார். மற்ற குற்றங்களுக்கான தண்டனை ஆறு வருடமாகக் குறைகிறது. காவலில் கழித்த காலத்தையும் கணக்கில் கொண்டு மீதியை வெளியில் கழிக்கலாம். முகாரெமைக் கொன்றதாகச் சொல்லப்படும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அவருடைய பெயர் கொல்லப்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, காணாமல்போனோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அவர் இறந்ததற்கு இந்த நீதிமன்றத்தின் முன் ஆதாரம் ஏதுமில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ராசெமாவுக்குள் ஏதோ துள்ளியது. அது சந்தோஷம். அவளால் தடுக்க முடியவில்லை. அது அசிங்கம் என்று தெரிந்தது, பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. இவ்வளவு படித்த மனிதர், கறுப்பு அங்கி போட்டவர், அத்தனை பேர் முன்னால் சொல்கிறாரே.

நடைக்கூடத்தில் ரான்கோ அவளுக்கு இரண்டு அடி முன்னால் கடந்து போனான். இந்த நேரத்துக்காக அவள் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துநான்கு வயது முகத்தைத் தேடியது தவறு என்று சட்டென்று உறைத்தது. இப்போது ஐம்பத்துநான்கு. நரைத்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், முன்பல் போயிருக்கலாம். அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. எதிரே வந்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது. அதனால் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று, பஸ் நிலையம் வரைக்கும் எதிரே வந்த வயதான ஆண்கள் அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.