திப்பா வெளியில் ஒரு மெழுகுவர்த்தி

எங்கேயாவது போய் வரலாம் என்று அப்பா சொன்னால், வரலாற்று வகுப்புக்குக் கூட்டிப்போகிறார் என்று பொருள். துபாயில் அவர் ஏசி டெக்னீஷியன், பேச்சில் பேராசிரியர். அன்று திப்பா கடற்கரையில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, பொழுது சாயும் நேரத்தில், மலையடிவாரப் பொட்டல் ஒன்றில் காரை நிறுத்தினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கற்கள் நடப்பட்டிருந்தன.

எல்லாம் கல்லறைகளாம். நபிகள் மறைந்த கையோடு பல குலங்கள் மதினாவின் ஆட்சியை உதறினவாம். அவர்களை அடக்க முதல் கலீபா அனுப்பிய படை இங்கே மோதியதாம். அந்தப் போரில் செத்தவர்களைத்தான் இங்கே புதைத்ததாக ஊரார் சொல்கிறார்கள் என்றார் அப்பா. வென்றவர் எந்தக் கல், தோற்றவர் எந்தக் கல் என்று கேட்டேன். ஒன்றிலும் பெயர் இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. காற்று பலமாக அடித்தும் அந்த வெளியில் எதுவும் அசையவில்லை. அசைவதற்கு ஒரு புல்கூட அங்கே கிடையாது. கற்கள் என் உயரத்துக்குக் குந்தியிருக்கும் ஆட்களைப்போல் தெரிந்தன.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். தூரத்தில், ஒரு குட்டைக் கல்லின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். அன்று கல்லறைத் திருநாள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அன்றைக்கு எந்தக் கல்லறையும் வெளிச்சமில்லாமல் இருக்காது. அம்மாவின் உள்ளங்கை மறைவில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

அப்பா பதறி ஓடினார். "ஏ, என்ன செய்யுத நீ? இது துலுக்கமாரு கல்லறை. போலீஸ் பாத்தா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திருவான்!"

"எரிஞ்சு முடியட்டும். நில்லுங்க."

பிறகு அம்மா அந்தக் கல்லைப் பார்த்து மெதுவாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இங்க நிக்கேம்மா," என்றேன். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கல்லைப் பார்த்து என் பெயரைச் சொன்னாள். மண்ணுக்கடியில் யாரோ பதில் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த அரபி முதியவர் ஒருவர் இறங்கி வந்தார். அப்பாவுக்கு வியர்த்து ஊற்றியது. முதியவர் மெழுகுவர்த்தியைப் பார்த்து முகம் சுளித்து, "கௌன் ஹை?" என்று இந்தியில் அதட்டினார். யார் இது?

"மேரா பச்சா," என்றாள் அம்மா. என் பிள்ளை.

முதியவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். இரு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதினார். பிறகு, "கலாஸ், யல்லா," முடிந்தது, கிளம்புங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெழுகுவர்த்தி எரிந்து முடியும்வரை அப்பா அம்மாவின் பக்கத்திலேயே நின்றார்.

எனக்கோ தாங்க முடியாத பெருமை. சமயத்துக்கு அம்மா என்னமாய் ஒரு பொய் சொல்லி எங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்று பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். எனக்கு முன்னால் சவூதியின் தம்மாமில் ஒருத்தி பிறந்து இறந்ததும், அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே அவளை ஓர் அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்ததும், அவளுடைய பெயரையே எனக்கு வைத்ததும் அப்போது எனக்குத் தெரியாது.