எங்கள் வீட்டுத் தொட்டியின் கொசு

ஜெர்மனியில் கொசு வளர்க்கிறேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். வெளியே பனி கொட்டும்; ஆய்வகத்தின் கொசு அறை மட்டும் தூத்துக்குடிச் சித்திரை மாதம்போலப் புழுங்கும். எந்தக் கொசு எந்த ஊர்க் கொசுவுக்கு உறவு என்று மரபணுவைப் படித்துச் சொல்வது என் வேலை. டெங்கு பரப்பும் கொசுவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பலேறித்தான் உலகம் சுற்றியது. "அப்படியானால் உங்கள் ஊருக்கு அது அந்நியர்தானே?" என்று கேட்டார் சக ஊழியர் உல்ரிக்கே. "இல்லை, எங்கள் ஊர்க்காரராகிப் பல காலமாயிற்று" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து வெகுநேரம் சிரித்தார். நான் தகவலாகத்தான் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் தூத்துக்குடி மில்லர்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணன் மகள் ரீனா டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைப்பாளா என்பதே இரண்டு நாள் தெரியவில்லை. தெருக்கோடி வாடகை வீட்டில் பீகாரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். "ரயில்ல வரும்போது கொசுவையும் சேத்துக் கொண்டாந்துட்டானுவ" என்று தெருவே பேசியது. அவர்களைக் காலி செய்யச் சொல்லி எழுதிய மனுவில் அண்ணனும் கையெழுத்துப் போட்டிருந்தான். எனக்கு அது உறுத்தியது. சின்னக் கரண்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போய், வாளிகளில் நெளிந்த கொசுப் புழுக்களை எடுத்தேன். "தண்ணி தெனமும் வராதுல்லாக்கா, பிடிச்சு வைக்காம என்ன செய்ய?" என்றான் அவர்களில் ஒருவனான முகேஷ், எங்கள் ஊர்த் தமிழிலேயே. அண்ணன் வீட்டு மாடித் தொட்டியிலும் புழு இருந்தது. அதையும் எடுத்து, எல்லாவற்றையும் சென்னையில் தோழியின் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

ரீனா தேறி வீடு திரும்பினாள். சில மாதம் கழித்து மரபணு விவரம் வந்தது. தூத்துக்குடித் துறைமுகப் பக்கமும் பீகாரிலும் மற்றவர்கள் முன்பே சேகரித்திருந்த கொசுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அவங்க வாளியில இருந்ததும் நம்ம தொட்டியில இருந்ததும் ஒரே குடும்பம். ரெண்டும் துறைமுகக் கொசுவுக்கு உறவு. வடக்க இருந்து எதுவும் வரல."

"அப்ப காய்ச்சல் எங்கன இருந்துளா வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது. கொசு நம்ம ஊருது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அவனுவ அப்பமே வீட்டக் காலி பண்ணிட்டு, பக்கத்துல மாப்பிள்ளையூரணிக்குப் போயிட்டானுவ" என்றான் அண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அங்கே போயிருக்கிறான்; பிறகு போனில் சொன்னான். "திரும்பி வாங்கடேன்னு கூப்பிட்டேன். முகேஷ் டீ வாங்கித் தந்தான். ஆனா வரமாட்டோம்னுட்டான்."

போன மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். இப்போது என்னிடம் ஜெர்மன் பாஸ்போர்ட். கொசு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சி அம்மா, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"அஞ்சு" என்றான் அண்ணன். அவர் எழுதினார். பிறகு அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "இல்ல, நாலு. இவ போயிருவா" என்றான்.

அவர் ஐந்தை அடிக்கவில்லை. அதன் பக்கத்திலேயே நாலையும் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.