வலது காலும் ஒரு பிரேக்கும்

போன மாதம் பாப்பாரப்பட்டியில் பாலக்கோடு பஸ் ஏறப் போனேன். வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டு, அதைப் பிரித்த பிறகு முதல் பயணம். வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். வைத்ததோடு சரி... உடம்பு மேலே வரவில்லை.

"கை குடுக்கட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். பஸ்ஸில் காதில் விழுவதை வைத்துத்தான் இந்தப் பத்தியே ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இனி பஸ்ஸே ஏற முடியாதென்றால் எதை எழுதுவது? பயமாகிவிட்டது.

கட்டு போட்டிருந்த வலது தொடை சூம்பிப் போயிருந்தது. செல்போனில் தேடினேன். நம் எல்லோர் உடம்பிலும் மயோஸ்டேட்டின் என்றொரு புரோட்டீன் இருக்கிறதாம். சதை அளவுக்கு மேல் வளராமல் பிரேக் போடுவது அதன் வேலை. பிறவியிலேயே அந்த பிரேக் இல்லாத மாடுகளின் போட்டோவைப் பார்த்தேன் — அத்தனையும் பயில்வான்கள். பிரேக்கைத் தடுக்கும் மருந்துகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றனவாம். ஆஹா... நமக்கு ஓர் ஊசி போதுமே?

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். கூட வந்த என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

"எலிக்கு நல்லா வேலை செஞ்சுதுங்க சார். மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப, சதை கூடுன அளவுக்கு வலு கூடலீங்க. தசை நோய் இருக்கறவங்களுக்காக இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்களுக்கு நாற்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிக்கறதுதான் மருந்து."

என் முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும். வீடு திரும்பும்போது செல்வி ஆரம்பித்தாள். எங்கள் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"மரம் தழைச்சுக்கிட்டே போனா காய்க்காதுன்னு, வளர்ச்சிய அடக்கற மருந்த வாங்கியாந்து தூருல ஊத்தறோம். உங்களுக்கு அது ஒடம்போடவே வந்திருக்குது. அதப் போயி நிறுத்தச் சொல்றீங்களே?"

ஐம்பத்தெட்டு வருடமாக என்னை அளவோடு வைத்திருந்த ஒன்றை ஒரே நாளில் எதிரியாக்கிவிட்டேன். நன்றிகெட்டவன்.

உட்கார்ந்தேன், எழுந்தேன். செல்வி எதிரே கடலை உரித்தபடி, நான் ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் தொடை கொஞ்சம் கெட்டிப்பட்டது. ஆனாலும் பஸ் படி என்றதும் உதறல்.

"அன்னிக்கு எந்தக் காலை வெச்சு ஏறுனீங்க?" என்று கேட்டார் பிசியோ பெண்.

"வலது கால்தாம்மா. எங்க போனாலும் வலது கால எடுத்து வெச்சுத்தானே பழக்கம்?"

இந்த முறை சிரித்துவிட்டார். "படி ஏறறப்ப நல்ல காலு முன்னாடி போவணும்ங்க சார். அடிபட்ட காலு பின்னாடி வரட்டும்."

வியாழக்கிழமை அதே பஸ். கம்பியைப் பிடித்தேன். இடது காலை வைத்தேன். வலது கால் பின்னாலேயே வந்தது... ஏறிவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது.

பாலக்கோடு வரை மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே போனேன். செல்விக்கு, அந்தப் பெண்ணுக்கு, கை நீட்டிய கண்டக்டருக்கு, உள்ளே இருக்கும் அந்த பிரேக்குக்கு.

அப்புறம், ஐம்பத்தெட்டு வருடமாக எந்த நல்ல வாசலிலும் நான் முதலில் நுழைய விடாத என் இடது காலுக்கு.